ஒரு கேம் தொடரின் உண்மையான பாகம் எது? முழுப்பேர், அரைப்பேர் போட ஐந்து அளவுகோல்கள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மருமகனும், கொட்டகலையிலிருந்து அவனைத் தேடி வரும் நண்பனும், சென்ற மாதம் ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சி.ஆர். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் வாதிட்டார்கள். ரெசிடென்ட் ஈவில் தொடரை முதலாவதிலிருந்து வரிசையாக விளையாடி முடிப்பதென்று தீர்மானித்து, பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தார்கள். 3க்கும் 4க்கும் இடையில் ‘கோட்: வெரோனிகா’ என்று நீல மையில் எழுதி, அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, வெட்டியதற்கு மேலேயே மறுபடி நீல மையில் எழுதியிருந்ததில், அந்த இடத்தில் தாள் நைந்து கிழியும் நிலைக்கு வந்திருந்தது. “நம்பரே இல்லாத கேமை எப்படி மாமா மெயின் லிஸ்ட்ல போடுறது?” என்று மருமகன் கேட்டான். “அதை விட்டுட்டு அஞ்சாவதுக்குப் போனா, செத்துப்போன வெஸ்கர் எப்படி வந்தான்னே புரியாதுங்க மாமா” என்றான் மற்றவன்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஃபைனல் ஃபேன்டஸியை ஒன்றிலிருந்து தொடங்கியவர்கள் 11ஆவதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதையும், வைஸ் சிட்டி எத்தனையாவது ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஒட்டோ) என்று கேட்டால் விழிப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பட்டியலில் ஒரு பெயர் கூடினால், இங்கே அது கைப்பணத்திலிருந்து போகிறது. இணையக் கடைகளில் கேமின் விலை டொலரில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியதை அனுபவித்த வீடுகளில், “அதையும் சேர்த்து வாங்கிவிடு” என்று யாரும் எளிதில் சொல்வதில்லை. ஆகவே எது தொடரில் சேரும், எது சேராது என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிப்பது என்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பேச ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. நிர்ணயித்த கிலோ அளவு கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழை நாட்களில் அம்மாவின் கொழுந்தில் தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்து, அதனாலேயே அரைப்பேர் விழுந்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. மலையில் நின்ற நேரமும் பறித்த கையும் மாறவில்லை. தராசு முள் மட்டும் ஒரு கோட்டுக்கு இப்பால் நின்றுவிட்டது. யார் அளக்கிறார், எதைக் கழிக்கிறார் என்ற கேள்வி எனக்கு அந்தத் தராசடியில் தோன்றியது, இன்றுவரை போகவில்லை.

## அளவுகோலையே அளப்பது எப்படி?

எந்த அளவுகோலை எடுத்தாலும் அதனிடம் நான் நான்கு கேள்விகள் கேட்பேன். முதலாவது, ஒருவரையொருவர் அறியாத இருவர் தனித்தனியே அதைப் பயன்படுத்தினாலும் ஒரே பட்டியல் வருமா? இரண்டாவது, நாடும் காலமும் மாறினாலும் அந்தப் பட்டியல் நிற்குமா? மூன்றாவது, புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு, தான் கையில் எடுக்கப் போவது எப்படிப்பட்டது என்பதை அது சொல்லுமா? நான்காவது, அதன்படி நடக்க வெளியே தெரியாத செலவு என்ன? இவற்றில் மூன்றாவதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன், ஏனென்றால் பட்டியல் கேட்டு வருபவர் பெரும்பாலும் தொடரைப் பற்றி எதுவும் அறியாதவர், தவறாகத் தொடங்கினால் இரண்டாவது கேமிலேயே விட்டுவிடக் கூடியவர்.

## உரிமையாளர் இட்ட பெயரும் எண்ணும்

முதல் கேள்வியில் இதை வெல்ல வேறொன்றும் இல்லை. பெயரின் சட்டபூர்வ உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் பெட்டியில் அச்சிட்டது எதுவோ அதுவே தொடர் என்றால், விவாதம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சிறுவயதில் டிவி கேமுக்கு வாங்கிய கசெட்டுகளில் மாரியோ 14 என்றொன்று இருந்தது. மாரியோவுக்குச் சிறிதும் தொடர்பில்லாத வேறொரு ஜப்பானியக் கேமில் மாரியோவின் உருவத்தை ஒட்டி, யாரோ அந்த எண்ணைப் போட்டிருந்தார்கள். அத்தகைய போலிகளை வாசலிலேயே நிறுத்த இந்த அளவுகோல் போதும்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் இது தடுமாறுகிறது. 1991இல் அமெரிக்காவில் ஃபைனல் ஃபேன்டஸி 2 என்று விற்கப்பட்டது ஜப்பானின் 4ஆவது பாகம். 1994இல் அங்கே 3 என்று வந்தது ஜப்பானின் 6ஆவது. 1997இல் 7 வந்தபோதுதான் இரு கரைகளிலும் எண் ஒன்றானது. துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் இன்னொன்று என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர் கேட்டு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. என்றாலும் கடிதம் எந்தப் பெயருக்கு வரும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் அல்லவா?

எண்ணை மட்டும் கண்டிப்பாகப் பிடித்தால் இன்னொரு சங்கடம் வருகிறது. ஜிடிஏ 3 (2001), ஜிடிஏ 4 (2008) ஆகியவற்றுக்கு இடையில் வந்த வைஸ் சிட்டிக்கும் (2002) சான் அன்ட்ரியாஸுக்கும் (2004) எண் கிடையாது. நம் ஊர்க் கணினிகளில் மிக அதிகமாக ஓடிய இரண்டு ஜிடிஏக்களையும் பட்டியலிலிருந்து தள்ளும் அளவுகோலை இங்கே யாரிடம் போய் ஒப்புவிக்க முடியும்? மறுபக்கத்தில், எண் பெற்றது எல்லாம் கைக்கு எட்டுவதும் இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 11 (2002) மாதச் சந்தா கட்டி இணையத்தில் மட்டும் விளையாட வேண்டியது. 14ஆவது 2010இல் வெளிவந்து, கடும் அதிருப்திக்குள்ளாகி, 2012இல் மூடப்பட்டு, 2013இல் அதே எண்ணோடு புதிதாகக் கட்டப்பட்டது. முதலில் வந்த அந்த 14ஐ இன்று யாராலும் உரிய வழியில் விளையாட முடியாது. எண் வரிசையை முழுமையாக முடிப்பேன் என்று சபதம் எடுப்பவர் அறிய வேண்டிய மறைமுகச் செலவு இதுதான்: சில எண்களுக்கு மாதாமாதம் பணம், சில எண்களுக்கு வெற்றிடம்.

வினாடி வினா நடத்துபவருக்கும், அலுமாரியில் பெட்டிகளை அடுக்கிச் சேகரிப்பவருக்கும், கேமைப் பற்றித் தெரியாமல் பிள்ளைக்குப் பரிசு வாங்கும் பெற்றோருக்கும் இதுவே ஏற்றது. அவர்களுக்குத் தேவை சர்ச்சையில்லாத எல்லைக்கோடு.

## படைத்த கைகள்

ஜப்பானில் 1996இல் தொடங்கிய ஒரு பண்ணைக் கேம் இருக்கிறது. தாத்தா விட்டுப்போன நிலத்தைப் பண்படுத்தி, விதைத்து, மாடு வளர்த்து, ஊராரோடு பழகி வாழும் அமைதியான கேம். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன நட்சுமே என்ற வெளியீட்டு நிறுவனம் ஹார்வெஸ்ட் மூன் என்று பெயரிட்டு, அந்த ஆங்கிலப் பெயரைத் தன் உடைமையாக வைத்துக்கொண்டது. 2014இல் மூலத் தொடரை வைத்திருக்கும் மார்வெலஸ் நிறுவனம் மொழிபெயர்ப்பையும் வெளியீட்டையும் தன் சொந்தக் கிளைக்கு மாற்றியபோது, பெயர் நட்சுமேயிடமே தங்கிவிட்டது. அன்று முதல் உண்மையான தொடர் ஆங்கிலத்தில் ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் என்ற புதுப்பெயரில் வருகிறது; ஹார்வெஸ்ட் மூன் என்ற பழைய பெயரில் வருவது முற்றிலும் வேறு குழுவின் கேம். பெட்டியைப் பார்த்து வாங்கியவர்கள், பழகிய வாசலில் நுழைந்து அந்நியர் வீட்டுக்குள் நின்றார்கள்.

கால்பந்து முகாமைத்துவக் கேம்களிலும் இதே கதை நடந்தது. 2003இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் தொடரை ஆக்கியவர்களும் வெளியிட்டவர்களும் பிரிந்தபோது, வெளியீட்டாளர் பெயரை வைத்துக்கொண்டார். ஆக்கியவர்கள் தங்கள் நிரலையும் வீரர் தரவுகளையும் எடுத்துக்கொண்டு ஃபுட்போல் மேனேஜர் என்று தொடர்ந்தார்கள். இன்று பேசப்படுவது இரண்டாவது பெயர்தான்.

இந்த அளவுகோலின் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பெயர்ப்பலகையும் கடிதத் தலைப்பும் மாறினவே தவிர, கொழுந்து பறித்த விரல்கள் அதே விரல்கள்தான். தேயிலையின் தரத்தைக் காத்தது கடிதத் தலைப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. ஆகவே, ஆக்கியவர்கள் எங்கே போகிறார்களோ தொடரும் அங்கே போகிறது என்ற வாதம் எனக்கு உடனே பிடிபடுகிறது.

பாசம் இருந்தாலும் குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கேமை ஆக்குவது நூற்றுக்கணக்கானோர். அதில் எத்தனை பேர் போனால் கை மாறியதாகும்? கால் ஒஃப் டியூட்டியை ஆக்கிய இன்ஃபினிட்டி வார்ட் நிறுவனத்தில் 2010இல் தலைவர்கள் இருவர் நீக்கப்பட்டு, அவர்களைத் தொடர்ந்து பலர் வெளியேறினார்கள். ஆனாலும் அடுத்து வந்த மொடர்ன் வார்ஃபேர் 3 அத்தொடரில் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. மெகா மேன் தொடரோடு நெடுங்காலம் சேர்த்துப் பேசப்பட்ட கெய்ஜி இனாஃபுனே தனியே போய், இரசிகர்களிடம் பணம் திரட்டி 2016இல் வெளியிட்ட மைட்டி நம்பர் 9, அந்தப் பழைய ருசியைத் தேடி வந்தவர்களுக்குப் பெரும் ஏமாற்றமாக முடிந்தது. கை அதுவாக இருப்பதால் மட்டும் காரியம் அதுவாகிவிடாது. அதோடு, இந்த வழியில் போகிறவர் பெட்டியை விட்டுவிட்டு கேமின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் படிக்க வேண்டும், யார் எங்கே போனார் என்று செய்திகளைத் தொடர வேண்டும். அது ஒரு வேலையளவு நேரம் எடுக்கும்.

பெயருக்கும் ஆக்கியவர்களுக்கும் இடையே வழக்கோ பிரிவோ நடந்திருக்கிறது என்று தெரிந்தால் இந்த அளவுகோலை முதலில் எடுங்கள். அப்படி எதுவும் நடக்காத தொடரில் இதற்கு அதிக வேலையில்லை.

## கதைத் தொடர்ச்சி

கொட்டகலைப் பையன் பிடித்த பிடி இது. முதல் பாகத்தில் மடிந்த வில்லன் வெஸ்கர் திரும்பி வருவது கோட்: வெரோனிகாவில் (2000), அவன் கதை முடிவது 5ஆவதில் (2009). இடைப்பட்டதை விட்டால் கதை ஓட்டை விழுந்த வாளிதான். எசாசின்ஸ் கிரீடிலும் 2க்கும் 3க்கும் இடையில் எண்ணில்லாமல் வந்த பிரதர்ஹுட் (2010), ரெவலேஷன்ஸ் (2011) இரண்டும் 2இன் நாயகன் எசியோவின் கதையையே தொடர்கின்றன. எண்ணைப் பார்த்துத் தாண்டியவர் அவனுடைய முதுமையைக் காணாமல் போகிறார்.

இந்த வழியின் செலவு கிங்டம் ஹார்ட்ஸில் தெரியும். 2க்கும் 3க்கும் இடையில் கதையைத் தாங்கிய பாகங்கள் நிண்டெண்டோ டிஎஸ், பிஎஸ்பி, 3டிஎஸ் என்று வெவ்வேறு கையடக்கக் கருவிகளுக்குச் சிதறிப் போயிருந்தன. பின்னர் தொகுப்புகளாக வரும்வரை, கதையை ஒழுங்காக அறிய விரும்பிய ஒருவர் ஒரு சிறு கடை வைக்கும் அளவுக்குக் கருவிகள் வாங்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு எண்ணிலும் புதிய உலகத்தைப் படைக்கும் ஃபைனல் ஃபேன்டஸிக்கு இந்த அளவுகோல் பொருந்தவே பொருந்தாது. செல்டாவுக்கோ, 1986இல் தொடங்கிய தொடரின் காலவரிசையை நிண்டெண்டோ நூலாக வெளியிட்டது 2011இல்தான். அதுவரை இரசிகர்கள் போட்ட வரிசையெல்லாம் ஊகம். கதைக்காகவே விளையாடுபவர்களுக்கு, கதை ஒரே நூலில் ஓடும் தொடர்களில் மட்டும் இதைச் சிபாரிசு செய்வேன்.

## ஆடும் முறை

கையில் எடுத்ததும் “இது அதேதான்” என்று விரல்கள் சொல்ல வேண்டும் என்பது இந்தக் கட்சி. 2010இல் வந்த சோனிக் 4க்கு எண் இருந்தது, நீல நிறச் சோனிக்கும் இருந்தது. ஆனால் சரிவில் உருண்டு இறங்கும்போது ஏறவேண்டிய வேகம் ஏறவில்லை, பழகிய கைகள் முதல் நிமிடத்திலேயே அதைக் கண்டுகொண்டன. 2017இல் வந்த சோனிக் மேனியாவை, இரசிகராக இருந்து தானே நிரல் எழுதிப் பழகிய கிறிஸ்டியன் வைட்ஹெட் தலைமையிலான குழு, சோனிக்கின் உரிமையாளரான சேகாவின் ஒப்புதலோடு ஆக்கியது. எண் இல்லாத அதில் அந்த வேகம் அப்படியே இருந்தது. விரல்களின் தீர்ப்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆயினும் இதை முழுமையாக நம்பினால், துணிந்து மாறிய ஒவ்வொரு பாகமும் துரோகியாகிவிடும். செல்டா 2 (1987) பக்கவாட்டில் நகரும் கேம். ரெசிடென்ட் ஈவில் 4 (2005) கெமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது, 7 (2017) அதைக் கண்ணுக்கே கொண்டுவந்துவிட்டது. மேலிருந்து பார்த்த ஃபோலவுட், பெத்தெஸ்டா நிறுவனத்தின் கைக்குப் போனபின் 2008இல் முப்பரிமாணத்தில் நடந்து பார்க்கும் கேமானது. இவற்றையெல்லாம் விலக்கிவிட்டு மிஞ்சும் பட்டியல் ஒரே கேமின் பிரதிகளாகத்தான் இருக்கும். தவிர, எவருடைய விரல் சாட்சி? 1998இல் தொடங்கியவரின் விரலும் 2019இல் தொடங்கியவரின் விரலும் ஒன்றைச் சொல்லாது. பழைய தொடரில் எதை அடுத்து எடுத்தால் பிடிக்கும் என்று ஒரே ஒருவருக்கு ஆலோசனை சொல்லும்போது மட்டும் இது சிறந்த வழி. பலருக்குப் பொதுவான பட்டியல் போட உதவாது.

## பின்வந்தவை எதை எடுத்துக்கொண்டன?

நான் சாய்வது இந்த ஐந்தாவதன் பக்கம். ஒரு கேமின் பின்னால் வந்த பாகங்கள் அதிலிருந்து எதையாவது எடுத்துச் சுமந்திருந்தால் அது தொடரில் முழுப்பேர் பெறும். பெயர் இருந்தும் எதுவும் எடுக்கப்படவில்லையானால் அரைப்பேர்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2ஐ எடுத்துப் பாருங்கள். 1986இல் ஜப்பானில் வந்த 2ஆவது பாகம் அமெரிக்கர்களுக்கு மிகக் கடினம் என்று கருதிய நிண்டெண்டோ, 1987இல் தான் ஆக்கியிருந்த டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறொரு கேமில் பாத்திரங்களை மாற்றி, 1988இல் அங்கே மாரியோ 2 என்று விற்றது. மண்ணிலிருந்து மரக்கறியைப் பிடுங்கி எறியும் அந்தக் கேமில், எதிரியின் தலையில் குதித்தால் அவன் சாவதில்லை. பிறப்பைப் பார்த்தால் அது மாரியோவே இல்லை. ஆனால் முகமூடி அணிந்த ஷை கை, முட்டை துப்பும் பேர்டோ, நடந்து வந்து வெடிக்கும் பொப்-ஓம், பீச் இளவரசி காற்றில் மிதப்பது எல்லாம் அதிலிருந்துதான் மாரியோவின் உலகத்துக்குள் வந்தன. 1992இல் ஜப்பானிலேயே அதைச் சூப்பர் மாரியோ யூஎஸ்ஏ என்று வெளியிட்டார்கள். மருமகளாக வந்தவள் வீட்டின் சமையலையே மாற்றிவிட்ட பிறகு, அவளை வெளியாள் என்று எப்படிச் சொல்வது?

செல்டா 2ஐயும் இதே தராசில் வையுங்கள். ஆடும் முறையால் விலக்கப்பட்ட அதில்தான் நாயகன் லிங்கின் நிழலோடு அவனே மோதும் காட்சி முதலில் வருகிறது. 1998இல் ஓக்கரினா ஒஃப் டைம் அதைத் தன் நீர்க்கோயிலில் மீண்டும் வைத்தது. செல்டா 2இல் ஊர்களின் பெயர்களாக இருந்த சரியா, ரூட்டோ, நபூரு போன்றவை ஓக்கரினாவில் மனிதர்களின் பெயர்களாயின. முழுப்பேர். மாறாக, 1990களில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிடி-ஐ கருவிக்கு நிண்டெண்டோவின் அனுமதியோடு வந்த மூன்று செல்டா கேம்களிடமிருந்து தொடர் எதையும் எடுக்கவில்லை. பெயர் சட்டபூர்வமானது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மெட்டல் கியரில் இது இன்னும் தெளிவு. 1987இல் ஹிடியோ கொஜிமா ஆக்கிய முதல் கேமை, கொனாமி நிறுவனத்தின் வேறொரு குழு நிண்டெண்டோ கருவிக்கு மாற்றியபோது, மெட்டல் கியர் என்ற அந்த இராட்சத இயந்திரத்தையே விட்டுவிட்டார்கள்; பெயரில் இருப்பது கேமில் இல்லை. அடுத்து கொஜிமா இல்லாமல் வந்த ஸ்னேக்ஸ் ரிவெஞ்சிலிருந்தும் (1990) தொடர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2010இல் எண் இல்லாமல் பிஎஸ்பிக்கு வந்த பீஸ் வோக்கரில் தளம் கட்டி ஆட்களைச் சேர்க்கும் முறை, 2015இல் வந்த 5ஆவது பாகத்துக்கு அத்திவாரமானது.

இந்த அளவுகோலின் பலவீனம், அது காத்திருக்கச் சொல்வது. புதிதாக வெளிவந்த கேமுக்குப் பேர் போட இன்று வழியில்லை. அடுத்த பாகமோ அதற்கடுத்ததோ வரவேண்டும். தொடரின் கடைசிப் பாகம் என்றால் நிரந்தரமாகவே தீர்ப்பு இல்லை. அதோடு, எது எதிலிருந்து வந்தது என்று அறிய இரண்டையும் விளையாடியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த உழைப்பு வீண் போகாது என்பது என் நம்பிக்கை, ஏனென்றால் இங்கே தராசைப் பிடிப்பது கம்பனியும் அல்ல, பழம்பெருமை பேசும் இரசிகரும் அல்ல, பின்னால் வந்த கேம்களே.

| கேம் | உரிமையாளர் பெயர் | படைத்த கைகள் | கதை | ஆடும் முறை | பின்வந்தவை எடுத்தது |
|---|---|---|---|---|---|
| மாரியோ 2 (1988) | ஆம் | ஆம் | பொருந்தாது | இல்லை | ஆம் |
| செல்டா 2 (1987) | ஆம் | ஆம் | ஆம் | இல்லை | ஆம் |
| சிடி-ஐ செல்டாக்கள் | பெயர் உண்டு, எண் இல்லை | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |
| கோட்: வெரோனிகா (2000) | பெயர் உண்டு, எண் இல்லை | அரை | ஆம் | ஆம் | ஆம் |
| சோனிக் 4 (2010) | ஆம் | அரை | ஆம் | அரை | சொல்லத்தக்கதாக இல்லை |
| ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் | பழைய பெயர் இல்லை | ஆம் | பொருந்தாது | ஆம் | ஆம் |

## கிரிக்கெட் 2011 என்ற இறுவட்டு

இந்த அட்டவணையில் வைக்க முடியாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈஏ நிறுவனத்துக்காக எச்பி ஸ்டூடியோஸ் ஆக்கிய கிரிக்கெட் 07 வெளிவந்தது 2006இன் இறுதியில். அதற்குப்பின் அந்த வரிசையில் அடுத்த கேம் வரவே இல்லை. ஆனால் 2011 உலகக் கிண்ணக் காலத்தில் எங்கள் டவுன் கடையொன்றில் கிரிக்கெட் 2011 என்று உறையில் அச்சிட்ட இறுவட்டை வாங்கி வந்தேன். போட்டுப் பார்த்தால் அணித்தெரிவில் புதிய வீரர்கள், புதிய சட்டை நிறம். பின்னணியில் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் 2006இல் பதிந்த அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேர்முக வருணனை ஒரு பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மௌனமாகி, மட்டையின் ஓசை மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில்தான் இது புதிய கேம் அல்ல, பழைய கேமின் மேல் போட்ட புதுப்பூச்சு என்று எனக்கு விளங்கியது.

அந்த இறுவட்டு சட்டபூர்வமானதல்ல. அதை விற்றதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதிலிருந்த திருத்தங்களைச் செய்தவர்கள் தென்னாசியா எங்கும் இருந்த இரசிகர்கள், பெரும்பாலும் இலவசமாக. ஒருவர் சட்டை வரைந்தார், இன்னொருவர் மைதானம் கட்டினார், மூன்றாமவர் முந்தைய இருவருடையதையும் எடுத்து அடுத்த வருட அணிகளைச் சேர்த்தார். பின்வந்தவை எடுத்துக்கொண்டதைப் பார்க்கும் என் அளவுகோலை நேர்மையாகப் பிரயோகித்தால், அந்தத் திருத்தங்கள் தங்களுக்குள் ஒரு தொடர்தான்; உரிமையாளர் கைவிட்ட இடத்திலிருந்து ஆடுபவர்கள் ஓட்டிச் சென்ற தொடர். ஈஏயின் தொடரில் அதற்கு இடம் இல்லை, அந்த எல்லையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பேரே இல்லை என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கிரிக்கெட்டில் பெயர் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இன்னொரு சாட்சி: கோட்மாஸ்டர்ஸ் 2007இல் வெளியிட்ட ஒரே கேம், பொதுவாகப் பிரையன் லாரா பெயரிலும், அவுஸ்திரேலியாவில் ரிக்கி பொண்டிங் பெயரிலும், இந்தியாவில் யுவராஜ் சிங் பெயரிலும் விற்கப்பட்டது. பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் 2014இல் டொன் பிராட்மன் பெயரில் தொடங்கிய வரிசையோ, இடையில் ஆஷஸ் என்ற பெயரையும் எடுத்து, பின் கிரிக்கெட் 19, 22, 24 என்று எண்ணுக்கு மாறியது. பெயரை மட்டும் நம்பி இந்த இரண்டு வரிசைகளையும் தொகுக்க முயல்பவர் பாதி வழியில் தொலைந்துபோவார்.

## யாருக்கு எது?

ஒரு தொடரை இப்போதுதான் தொடங்குகிறீர்கள், கையில் இருப்பது ஒரே ஒரு கருவி, பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால், ஐந்தாவது அளவுகோலால் முழுப்பேர் பெற்றவற்றை மட்டும் வாங்குங்கள். அரைப்பேர் பெற்றவை மலிவாகும்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கு உதவ அனுபவசாலி யாரும் இல்லையென்றால், கதை ஒரே நூலாக ஓடும் தொடருக்குக் கதையையும், மற்றவற்றுக்கு உரிமையாளர் வரிசையையும் பின்பற்றுவது பாதுகாப்பானது. வாங்கப் போகும் தொடரின் பெயர் அண்மையில் மாறியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஆக்கியவர் யார் என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். 2023இல் ஃபிஃபா என்ற பெயர் போய் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று வந்தபோது கைகள் மாறவில்லை. ஹார்வெஸ்ட் மூனில் மாறின. இரண்டையும் வேறுபடுத்த ஐந்து நிமிடம் போதும்.

மருமகனுக்கும் அவன் நண்பனுக்கும் நான் சொன்னது இதுதான்: கோட்: வெரோனிகா சேர வேண்டும். எண்ணை ஆதாரமாகக் காட்டிய மருமகனிடம், அவன் மதிக்கும் 3ஆவது பாகமே (1999) முதலில் பக்கக் கதையாகத் தொடங்கப்பட்டு, பிறகு எண் பெற்றது என்பதையும் சொன்னேன். அவர்களிடம் இருப்பது கண்டியில் வாங்கிய பாவித்த பிளேஸ்டேஷன் 4. கோட்: வெரோனிகா அதற்குக் கிடைக்கிறது என்பதால் செலவும் கட்டுக்குள் இருந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்கள்.

மறுநாள் காலை பார்க்கும்போது அதே சிவப்பு மை 3ஐச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. பழைய 3ஆ, மணிக்கூண்டுக்குள் நுழையவே விடாத 2020இன் மறுஆக்கமா என்று கேள்வி மாறியிருந்தது, கொட்டகலைப் பையன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான்.